மேப்பிள் இலை தைத்த முதுகுப்பை

பாரிஸ்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஓட்டலில் ராத்திரி டியூட்டி, உட்கார்ந்தே பார்க்கிற வேலை. பிழைத்தேன்.

"அமெரிக்காக்காரனுக்குத் திமிர் அதிகமாமே, நீதான் தினமும் பார்க்கிறாயே" என்று கேட்டிருந்தாய். பார்க்கத்தான் செய்கிறேன், இருபது வருஷத்துக்கு மேலாக.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2003இல். ஈராக் போருக்கு பிரான்ஸ் உடன்படவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீனில் 'பிரெஞ்ச் ஃபிரைஸ்' பெயரை 'ஃப்ரீடம் ஃபிரைஸ்' என்று மாற்றினார்களே, அதே வருஷம். உருளைக்கிழங்கு வறுவலிடம் கோபத்தைக் காட்டிய கூத்தை இங்கே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் கோடையில் ஒரு பெண் வந்தாள், இருபது வயதிருக்கும். முதுகுப்பையில் கனடா கொடியின் மேப்பிள் இலை. வெளிநாட்டவர் தங்கினால் இங்கே போலீஸ் படிவம் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் அட்டையில் அமெரிக்கக் கழுகு! அவள் முகம் சிவந்துவிட்டது. "அம்மா தைத்துக் கொடுத்தாள்" என்றாள் மெதுவாக. யாரோ தொடங்கிய போருக்கு இந்தப் பிள்ளை ஒளிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ள பிரெஞ்சுக்காரர்கள் 2008இல் நூற்றுக்கு 42 பேர் என்றும், ஒபாமா பதவிக்கு வந்த 2009இல் 75 பேர் என்றும் பியூ ஆய்வு மையம் கணக்குச் சொன்னது. ஒரே வருஷத்தில் அமெரிக்கர்கள் எல்லாரும் மெதுவாகப் பேசப் பழகிவிட்டார்களா என்ன?

பாதிச் சண்டை பழக்கத்தால் வருவது. இங்கே ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவன். அமெரிக்கர் நேராகச் சிரித்துக்கொண்டே விஷயத்துக்கு வருவார். கடைக்காரம்மாவுக்கு அந்தச் சிரிப்பே போலியாகத் தெரியும். அமெரிக்கருக்கோ, சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு அரை மணியாகியும் பில் வரவில்லையே, அலட்சியம் பார் என்று எரிச்சல். கேட்காமல் பில் வைப்பது, பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் இலையை எடுப்பது மாதிரி என்று அவருக்கு யார் சொல்வது?

நானும் யோக்கியனில்லை. போன மாதம் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். அவர் பேசினால் மாடிவரை கேட்டது. சத்தம் போடுகிற ஜாதி என்று நானே முடிவுகட்டி, முன்பக்க அறை காலியாக இருந்தும் கொல்லைப்புறம் பார்த்த அறைச் சாவியைக் கொடுத்தேன். மறுநாள் காலை காப்பி ஊற்றும்போதுதான் தெரிந்தது: அந்தம்மாவின் காது மெஷின் வழியில் பழுதாகிவிட்டதாம், அதனால்தான் அவர் கத்திப் பேசியிருக்கிறார். முந்தின ராத்திரி இரண்டு மணிவரை தாழ்வாரத்தில் கும்மாளமடித்தவர்கள் லியோனிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள். அவர்களை வைத்து யாரும் பிரான்ஸைத் திட்டவில்லை. மத்தியானமே அந்தத் தம்பதிக்கு அறையை மாற்றிக் கொடுத்தேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் போனபின் எங்கள் முதலாளியம்மா, "நல்ல மனிதர்கள், அமெரிக்கர்கள் மாதிரியே இல்லை" என்றார். இதே வாயால் என்னிடமும் ஒரு தடவை, "நீ இந்தியர்கள் மாதிரி இல்லை, நேரத்துக்கு வந்துவிடுகிறாய்" என்று சொன்னார். நான் நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்!

இன்னொன்று கேள். இங்கே சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. ஊர்ப் பழக்கத்தில் அமெரிக்கர்கள் தாராளமாக வைத்துவிட்டுப் போவார்கள். "காசை வீசி எறிகிற ஜனங்கள்" என்று வாய் ஓயாமல் திட்டுகிற காலை ஷிஃப்ட் ஆள் ஒருவன் இருக்கிறான். அமெரிக்கக் குழு அறையைக் காலி செய்கிற நாளில் மட்டும் லீவு போடமாட்டான்.

தை மாதம் ஊருக்கு வரப் பார்க்கிறேன். அம்மாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

உன்,
ரவி