கைய நீட்டியிருக்கலாம்லா

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். வியாழக்கிழமையோடு அம்மா போய் 9 வருஷம். நீ கல்லறைக்குப் போய்ப் பூ வைத்ததாகச் சித்தி சொன்னாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேனே, அது பொய்.

அம்மாவின் வளையல் காணாமல் போன விஷயம் உனக்குத் தெரியும். பணம் எதில் போனது என்று இங்கே எழுத மாட்டேன். மாமா படிப்பார், நம் சபைச் சேகரத்தில் பாதிப் பேர் படிப்பார்கள். ஆனால் எடுத்தது நான்தான் என்பதை இங்கேதான் எழுத வேண்டும். நம் வீட்டில் வேலை பார்த்த அத்தையைத் திருடி என்று சொல்லி, தெருவே வேடிக்கை பார்க்கத்தானே வேலையை விட்டு அனுப்பினோம்?

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அத்தையை அனுப்பிய மறுவாரம் திருவிருந்து ஞாயிறு. அம்மாவும் நானும் கோயிலில் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றோம். சின்ன வயதில் நமக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, இடது கைமேல் வலது கையை வைத்து அம்மா நீட்டினாள். மணிக்கட்டில் வளையல் கிடந்த இடம் மட்டும் வளையமாக வெளுத்திருந்தது. அந்தக் கையில் சபை ஐயர் அப்பத்தை வைத்தார். அடுத்தது நான். கையை நீட்டவே இல்லை. ஐயர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். திரும்பும் வழியில் அம்மா பேரம் பேசி ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்கினாள். வாசல் கேட்டைத் திறக்கும்போதுதான், என் முகத்தைப் பார்க்காமல், "கைய நீட்டியிருக்கலாம்லா" என்றாள்.

தெரிந்துகொண்டாள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. தெரிந்தும் அத்தையைத் திரும்பக் கூப்பிடவில்லை. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை, சரி. காட்டிக்கொடுத்திருக்கலாம்.

அதற்கப்புறம் நான் திருவிருந்துப் பந்தியில் சேரவே இல்லை. அபாத்திரமாய்ப் புசிக்கிறவனைப் பற்றிக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது எனக்கு நல்ல சாக்கு. நீ போனில், "கர்த்தர் மன்னிச்சிட்டார், விடுடா" என்றாய். எரிச்சல்தான் வந்தது. அத்தையின் பையை உதறிப் பார்த்தது நீ. நான் விட்டுவிட்டால் உனக்கும் வசதி, இல்லையா?

கோபித்துக்கொள்ளாதே. கடைசி ஆறு மாதம் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது நீதான். நான் மாதாமாதம் பணம் மட்டும் அனுப்பினேன். அடகுக்கடைக்காரனுக்கு வட்டி கட்டுகிற மாதிரி. நகை ஏலத்தில் போன பிறகும் கட்டிக்கொண்டிருந்தேன்.

யூதாஸ் 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், பாவம் செய்தேன் என்று வாயால் சொல்லவும் செய்தான். பேதுரு எதைத் திருப்பிக் கொடுத்தான்? மூன்று தரம் மறுதலித்தவன், கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டதும் படகு வரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்தான். கரை 200 முழ தூரம். அங்கே கரிநெருப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. கணக்குப் பார்த்தால் யூதாஸ்தான் ஒழுங்கானவன். நானும் இத்தனை வருஷம் அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்திக்கு முன் ஒரு ஜெபம் வருமே, மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்று? அதைச் சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து போய்ப் புசிக்கிறார்கள். நான் மட்டும் அதைச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

போன சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்றுதானே இருக்கிறது. சொன்னேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பதிலைச் சொல்லாமலேதான் மறுநாள் கிராதிக்குப் போனேன். கை நடுங்கியது. ஆனாலும் நீட்டினேன். அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கரையவில்லை.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தை வீட்டுக்கு மறுபடி போகிறேன், அம்மாவுக்குத் தெரியும் என்று சொல்ல. நீயும் வருகிறாயா அக்கா? அன்றைக்கு நான் உள்ளே நுழைந்ததுமே அவர் முதலில் கேட்டது, "பெரியவ நல்லா இருக்காளா?" என்றுதான்.

உன் தம்பி