அக்காவுக்கு நீயே போன் போடு

முருகேசா,

நீ கோபமாக இருப்பாய், இரு. காவேரிப்பட்டணம் அக்காவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ ஓடுகிறது. மாமா தெம்பாகத்தான் இருக்கிறார், பிள்ளைகளும் சரி.

மருந்தின் பெயர் பாக்லிடாக்சல். தாவரவியலில் முதல் மார்க் வாங்கிய உனக்குத் தெரியாமல் இருக்காது, பசிபிக் யூ மரத்துப் பட்டையிலிருந்து வந்தது. 1971இல் இதன் அமைப்பை வெளியிட்டவர்களில் நம்ம நாட்டில் பிறந்த மன்சுக் வாணியும் ஒருவர். அது இருக்கட்டும், அது வேலை செய்கிற விதத்தைப் படித்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கமே வரவில்லை. செல்லுக்குள் டியூபுலின் புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து 25 நானோமீட்டர் பருமனில் நுண்குழல்கள் உண்டாகும், வளரும், திடீரென்று நுனியிலிருந்து உதிரும், மறுபடி வளரும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுப்பது இவைதான், நீளவும் குறுகவும் முடிந்தால்தான் அந்த வேலை நடக்கும். நம்ம சுடுகாட்டு மல்லியில் இருக்கும் வின்கிரிஸ்டின், கண்வலிக்கிழங்கின் கோல்ச்சிசின் எல்லாம் குழலைக் கட்டவிடாத கட்சி. இது நேர் எதிர்க்கட்சி. குழலின் உட்புறம் பீட்டா டியூபுலின் என்கிற டியூபுலின் வகையில் போய் உட்கார்ந்து, அடுக்கை இறுக்கி, உதிரவே விடாது. 1979இல் விஞ்ஞானி சூசன் ஹார்விட்ஸ் இதைக் காட்டியபோது அதுவரை அப்படியொரு மருந்தை யாரும் பார்த்ததில்லை. உறுதியாக்கியே கொல்கிறது, பாரேன்!

ஆனால் நரம்பு செல்லிலும் அதே குழல்கள்தான்டா. அது பிரியாது, சரி, ஆனால் அவ்வளவு நீளத்துக்குச் சரக்கு போய்வருவது அந்தக் குழல்களின் மேல்தான். அக்காவுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது, பூ கட்டும்போது நார் கையில் இருக்கிறதா என்றே தெரிவதில்லையாம், என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். டாக்டர் கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்லைங்க". சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மறைத்துக்கொண்டே போனால் சிலருக்கு அந்த மரப்பு வருஷக்கணக்கில் போகாது. நான் சொன்னால் "பெரிய டாக்டர் வந்துட்டான்" என்கிறாள்.

நீ சொன்னால் கேட்பாள், எப்போதும் உனக்குத்தானே பெரிய முட்டை. அடுத்த ஊசிக்கு முன்னால் பேசு. மாம்பழம் அனுப்பட்டுமா என்று பேச்சை மாற்றுவாள், விடாதே.

உன்
செல்வம்