மடக்குக்கத்தி வாங்குவோர் அலகின் அடியைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பேனாக்கத்தி, மடக்குக்கத்தி சேகரிப்பவர்கள் நம் நெல்லைச் சீமையிலும் பெருகி வருகிறார்கள். அவர்களில் பலரும் இன்று வாங்குவது இணையத்தில்தான். பாளை அரிவாளைக் கையில் வாங்கியதும் சுண்டிப் பார்த்தே தோய்ச்சல் (இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியது) சரியா என்று சொல்லும் பனையேறிகள் உள்ள ஊர் இது. ஆனால் திரையில் தெரியும் கத்தியைச் சுண்டிப் பார்க்க முடியாது. விற்பவர் எழுதிய விவரமும் அவரே எடுத்த படமும்தான் நமக்கு மிச்சம். எந்தப் பகுதிக்குப் படம் இல்லையோ அங்கேதான் குறை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு தொடங்குவதே பாதுகாப்பு.

முதலில் கேட்க வேண்டியது அலகின் அடிப் படம். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் தொடங்குவதற்கு முன்னால் தட்டையாக ஒரு பகுதி இருக்கும். செய்தவர் பெயரும் ஊரும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். கத்தியின் வயதும் விலையும் பெரும்பாலும் அந்த அரை அங்குலத்தில் அடங்கியவை. விளம்பரங்களில் மங்கலாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்த இடமே. பகல் வெளிச்சத்தில், பளபளப்பு கண்ணில் அடிக்காதபடி சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள்.

முத்திரை கிடைத்துவிட்டால் விற்பவர் சொல்லும் வயதைச் சரிபார்ப்பது கடினமில்லை. நம் பகுதியில் அதிகம் விலை பேசப்படுவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் கத்தி. நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் அவர்கள் அடையாளம். பல கத்திகளில் கிரீடத்தோடு அரச எழுத்தும் இருக்கும். வி.ஆர். என்றால் விக்டோரியா, ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். ‘ஜி.ஆர். முத்திரை, 1880-ம் ஆண்டுக் கத்தி’ என்று எழுதியிருந்தால் அது தவறு. 1830 முதல் 1910 வரை பிரிட்டிஷ் அரியணையில் ஜார்ஜ் என்று யாரும் இல்லை. இதைத் தலைகீழாக வைத்தும் ஏமாறக் கூடாது. அரசர் மாறிய பிறகும் பழைய அச்சையே சில பட்டறைகள் குத்திக்கொண்டிருந்தன. எனவே வி.ஆர். இருப்பதாலேயே விக்டோரியா இறந்த 1901-க்கு முந்தியது என்று உறுதி சொல்ல முடியாது. முத்திரை ‘இதற்கு முன்பு இருக்க முடியாது’ என்று காட்டுமே தவிர, ‘இதற்குப் பின்பு இருக்க முடியாது’ என்று காட்டாது.

இதே கணக்கில் இன்னும் சில பொய்களைப் பிடிக்கலாம். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-ல். அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று குத்தியிருக்க, ‘விக்டோரியா காலத்துக் கத்தி’ என்று விவரம் சொன்னால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். விக்டோரினாக்ஸ் என்ற பெயர், சுவிட்சர்லாந்தில் கத்தி செய்த எல்செனர் தம் தாயின் நினைவாக 1909-ல் வைத்த விக்டோரியாவும், 1921-ல் வந்த துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸும் சேர்ந்தது. ஆகவே ‘முதல் உலகப்போர் விக்டோரினாக்ஸ்’ என்று ஒரு கத்தி இருக்க வழியில்லை. அந்தப் போர்க் காலத்தது என்று சொல்லும் கத்தியில் கூட்டல்குறி வடிவத் திருப்புளி இருந்தாலும் அப்படியே. அந்தத் திருப்புளிக்கு ஏற்ற பிலிப்ஸ் திருகாணி புழக்கத்துக்கு வந்தது 1930-களில். ‘மேற்கு ஜெர்மனி’ என்று பொறித்த, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தியை ‘ஹிட்லர் காலத்துக் கத்தி’ என்று விற்பவர்கள் உண்டு. மேற்கு ஜெர்மனி என்ற நாடு இருந்தது 1949 முதல் 1990 வரைதான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் அமெரிக்காவின் கேஸ் கத்தியில் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் கம்பெனி 1970-ல் பெயருக்குக் கீழே 10 புள்ளிகள் குத்தி, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தது. 1979-ல் ஒரே புள்ளி. 1980-ல் மறுபடியும் 10 புள்ளி. ஆனால் அப்போது பெயரிலுள்ள ‘எஸ்’ எழுத்து மின்னல் கீற்றுப் போல மாறியிருக்கும். புள்ளியை மட்டும் எண்ணி 1980-ம் ஆண்டுக் கத்தியை 1970 என்று எழுதிவிடுகிறார்கள். விற்பவர் தெரிந்து எழுதினாலும் தெரியாமல் எழுதினாலும் பணம் கொடுப்பது நாம்தான். ரெமிங்டன் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் விஷயமும் இப்படித்தான். தோட்டா வடிவச் சின்னம் பதித்த பழைய கத்திகள் 1920, 1930-களைச் சேர்ந்தவை. 1982-ல் தொடங்கி அதே வடிவங்கள் மறுபதிப்பாக வந்தன. மறுபதிப்பும் நல்ல கத்திதான். அதற்கு மூலப்பதிப்பின் விலை கேட்பதுதான் தவறு.

அடுத்தது சாணை. நம் வீடுகளின் தகரப் பெட்டிகளில், கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போய்வந்த தாத்தாக்களின் கத்தி இன்னும் கிடக்கக் கூடும். அதை விற்க நினைப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துப் பளபளக்க வைத்து விடாதீர்கள். அவர் தொழிலில் குறையில்லை. சமையல்கட்டுக் கத்திக்கு அது சரி. சேகரிப்புக் கத்தியில் சக்கரம் பட்டால் முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், அலகு ஒடுங்கும், விலை பாதிக்குக் கீழே போகும். சூடேறி விளிம்பில் நீலம் பூத்துவிட்டால் தோய்ச்சலும் போயிற்று. கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தில் நீலமாகும். கடினம் குறைந்த அந்த எஃகில் பிறகு கூர் நிற்காது.

வாங்குபவர் இதைப் படத்திலேயே கண்டுகொள்ளலாம். எழுத்துகளின் ஓரம் சோப்புக் கட்டி போல உருண்டிருந்தால், நகத்தை மாட்டித் திறக்கும் பள்ளத்தின் விளிம்பு கூர்மையில்லாமல் கரைந்திருந்தால், அந்தக் கத்தி சக்கரம் கண்டது. ‘மின்ட்’ என்ற சொல்லுக்குச் சேகரிப்பவர்களிடம் ஒரே பொருள்தான்: பட்டறையிலிருந்து வந்தபடி, பயன்படுத்தாதது, கூர் தீட்டாதது. தேய்த்துப் பளபளக்க வைத்ததை ‘மின்ட்’ என்று எழுதுவது தவறான விவரம். அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறிய, மூடிய நிலையில் ஒரு படம் கேளுங்கள். ஒடிந்த முனையைத் தேய்த்துப் புது முனை எடுத்திருந்தால் அலகு குட்டையாகி, முனைக்கும் பிடியின் மறுகோடிக்கும் நடுவில் இடைவெளி விழும். அதே மாதிரிக் கத்தியின் நல்ல படம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

நீளத்தில் நடக்கும் குழப்பம் சிறியது, ஆனால் அடிக்கடி நடப்பது. மடக்குக்கத்திக்குச் சேகரிப்பவர்கள் சொல்வது மூடிய நீளம். விற்பவர்கள் திறந்த நீளத்தை எழுதினால் நான்கு அங்குலக் கத்தி ஏழு அங்குலமாகிவிடும். அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

பிடி விஷயத்தில் சட்டமும் சேர்ந்து வருகிறது. ‘அசல் மான் கொம்புப் பிடி’ என்று நம் நாட்டு விற்பனையாளர் எழுதினால், சொன்னது உண்மையானால் அவர் அதை விற்கவே கூடாது. பொய்யானால் விலை பொய். களக்காடு முண்டந்துறைக் காட்டில் திரியும் கடமான் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதன் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம். ‘தானாக உதிர்ந்த கொம்பு’ என்ற சமாதானம் செல்லாது. யானைத் தந்தமும் அப்படியே. நடைமுறையில் ‘மான் கொம்பு’ என்று வருவதில் பெரும்பகுதி சாயம் ஏற்றிய மாட்டெலும்பு அல்லது பிளாஸ்டிக். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் எலும்பில் ஊசி குத்தியது போலக் கரும்புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் தெரியும். பிளாஸ்டிக்கில் இரண்டு பக்கமும் ஒரே வரிவடிவம் அச்சு மாறாமல் வரும். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அந்தத் துளை பிறகு மறையாது.

ஆமையோட்டு நிறத்திலோ முத்துப் போல மினுங்கியோ இருக்கும் பழைய பிடிகள் பல செல்லுலாய்டு என்னும் பழங்கால பிளாஸ்டிக். அது நாள்பட்டால் சிதைந்து அமில ஆவி விடும். அந்த ஆவி பட்டு அலகு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும். ‘லேசான துரு’ என்று எழுதியிருந்து, அந்தத் துரு மூடினால் பிடிக்குள் இருக்கும் பகுதியில் மட்டும் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட கத்தியை மற்றக் கத்திகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நம் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாகக் கெடும்.

பிடியின் இரு முனையிலும் உள்ள வெள்ளை உலோகத்தை ‘வெள்ளி’ என்று எழுதுவது இன்னொரு பழக்கம். அது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர்: செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தாம்பாளத்தில் ஜெர்மன் சில்வருக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் கேட்டு வாங்கும் நம் தாய்மார்கள், கத்தி விஷயத்திலும் அதையே கேட்கலாம். அலகே வெள்ளியால் ஆன, பழம் வெட்டும் ஷெஃபீல்டு கத்திகள் உண்மையிலேயே உண்டு. அவற்றில் நடக்கும் சிங்க உருவமும் கிரீடமும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் வரிசையாகக் குத்தியிருக்கும்.

வரிக்கோலம் கொண்ட எஃகைக் குறிக்கும் டமாஸ்கஸ் என்ற சொல்லால் நடக்கும் வியாபாரம் மனதை வருத்துகிறது. உலகம் வூட்ஸ் என்று அழைக்கும் மூசை (உலோகம் உருக்கும் மண்குப்பி) உருக்கு தென்னகத்தில் பிறந்தது. அந்தப் பெயரே உருக்கு, உக்கு என்ற தென்னக மொழிச் சொற்களிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அந்தப் பெருமையைக் காட்டி, ‘பண்டைத் தமிழர் உருக்கு’ என்று பெயரிட்டு, சாதாரண எஃகின் மேல் வரிக்கோலம் அரித்த கத்தியை விற்கிறார்கள். இரண்டு வகை எஃகை அடுக்கிப் பற்றவைத்து அடித்துச் செய்யும் இன்றைய டமாஸ்கஸ் வேறு, மூசையில் உருக்கி எடுத்த பழைய வூட்ஸ் வேறு. அடுக்குக் கத்தியிலாவது வரிகள் அலகின் முதுகிலும் தொடர்ந்து ஓடும். மேலே மட்டும் அரித்ததில் முதுகு வெறுமையாக இருக்கும். ஆகவே முதுகுப் படம் கேளுங்கள். அதே படத்தில், அலகை இறுக்கிப் பிடிக்கும் வில்தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நடையை, அதாவது அலகு திறந்து மூடும் விதத்தை, படத்தில் பார்க்க முடியாது. அலகு ஒவ்வொன்றையும் மெதுவாகத் திறந்து மூடும் காணொளி, சத்தத்தோடு, பதினைந்து வினாடி போதும். நல்ல வில் திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று விழும். சத்தமில்லாமல் சோம்பலாக நகர்ந்தால் வில் தளர்ந்தது, அல்லது உள்ளே அழுக்கு. திறந்த அலகை இடவலமாக அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் அலகு சுழலும் ஆணி தேய்ந்திருக்கிறது. கத்தியின் பக்கத்தில் அன்றைய தேதியைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டு வைத்து ஒரு படமும் வாங்கிவிட்டால், வேறெங்கிருந்தோ எடுத்த படத்தைக் காட்டி விற்பது நின்றுவிடும்.

பொட்டலம் வந்ததும் பிரிப்பதற்கு முன்பே தொடங்கி, நிறுத்தாமல் காணொளி எடுங்கள். ‘திருப்பி வாங்க மாட்டோம்’ என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் திருநெல்வேலியிலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள். ஆனால் தொழிலாக இல்லாமல், வீட்டில் கிடந்த ஒரு கத்தியை விற்கும் தனிநபருக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தா. அவருக்குத் தளத்துக்கு வெளியே கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் முன்பணம் அனுப்பினால் திரும்பக் கேட்கும் வழி மிகக் குறுகல்.

வாங்கிய பிறகு நாமே செய்யும் தவறும் உண்டு. பித்தளைப் பாத்திரம் போலப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் அந்த அமிலமே கார்பன் எஃகைத் தின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு மூட்டில் விட்டால் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுக்காகி நடையைக் கெடுக்கும். தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை அந்தத் தோல் இழுத்து அலகில் விடும்.

பழம்பொருள் விற்கும் தளங்களிடம் ஒன்று கேட்கிறோம். பழைய கத்திக்கு விளம்பரம் ஏற்றும்போது, அலகின் அடிப் படம், அடிக்கோலோடு மூடிய கத்தியின் படம், மாற்றிய அல்லது தேய்த்த பாகங்கள் எவை என்ற பதில் ஆகிய மூன்றும் இல்லாமல் விளம்பரம் ஏறக் கூடாது என்று வைக்கட்டும். செலவு ஏதுமில்லாத ஏற்பாடு இது. தங்கள் நாளிதழ் இதை அவர்கள் காதில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கத்தி சேகரிக்கும் வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை