கவிக்கு ஒரு பீலிங் புராணம்

கவி,

மெசேஜ் போட்டா நீ கட்டைவெரலத் தூக்கிக் காட்டிட்டுப் போயிருவே, அதான் நீட்டி எழுதறேன். நாங்க எல்லாரும் நல்லாருக்கோம். அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான். தக்காளி வெலையப் பத்தி மட்டும் உங்கண்ணன்கிட்டப் பேச்செடுக்காதே.

தை மாசக் கல்யாணத்துக்கு முன்னாடி உன்ற மகளுக்குப் பார்லர்ல பீல் பண்ணப்போறேன்னு, அதான் மூஞ்சில ஆசிட் பூசி மேல்தோலை உரிக்கறது, சொன்னியாமா, பெரியவ சொன்னா. கேட்டதுலருந்து எனக்கு நெம்ப வெசனம்.

எங்க சின்னவ மூஞ்சில பரு இருந்த கோலம் உனக்குத் தெரியுமில்ல. அத்தை கஸ்தூரி மஞ்சள்ங்கறாங்க, நங்கையா வேப்பந்தழைங்கறாங்க, ஒறம்பரை ஊட்டுக்குப் போனா தாடையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்க ஒரு கூட்டம். மாரியம்மன் நோம்பிக்கு வரமாட்டேன்னு கதவச் சாத்திட்டு உக்காந்துட்டா கவி. அன்னிக்கு அவங்கப்பாவுக்குச் சோறு எறங்கல. இதுக்கு நடுவுல எவளோ சொன்னான்னு மெடிக்கல்ல ஒரு கிரீம் வாங்கிப் போட்டிருக்கறா, அதுல ஸ்டீராய்டு. போட்டப்ப மூஞ்சி வெளுத்துப் பளபளன்னு இருந்துச்சு, நிறுத்துனதும் ரெண்டு மடங்கா வெடிச்சுது.

கோயமுத்தூர்ல ஸ்கின் டாக்டரம்மா எடுத்தவொடனே பீல் பண்ணல. அந்தக் கிரீம் வேலை மொதல்ல அடங்கட்டும்னுட்டாங்க. அப்பறம்தான் சாலிசிலிக், 20 சதவீதம். அது எண்ணெயில கரையற ஆசிட்டாம், அதனால எண்ணெ வடியற துவாரத்துக்குள்ளயே எறங்கி அடைப்பை எடுக்குது. இன்னொண்ணு கிளைகாலிக், நம்ம சத்தி ரோட்டுல லாரி லாரியாப் போற கரும்புல இருக்கறதேதான், அதோட வேகத்த நேரம் பாத்து முறிக்கோணும், அசந்தா உள்ள எறங்கிப் புண்ணாக்கிரும்.

கண்ணோரம் மூக்கோரம் ஒதட்டோரம் வாசலின் தடவி, பிரஷ்ல பூசிட்டு, கையில ஒரு குட்டி ஃபேனைக் குடுத்துட்டாங்க. எரியுதுங்கறா, என் வெரலை நெரிக்கறா, என்னையே திட்டறா! சித்த நேரத்துல மூஞ்சி பூரா வெள்ளையாப் பூத்துருச்சு, டப்பாப் பவுடரக் கொட்டுனாட்டம், எட்டாவது ஆண்டுவிழாவுக்கு நீ வந்தியே அதே கோலம். ஆசிட்டக் கலக்கியிருக்கற ஸ்பிரிட் ஆவியாகி ஆசிட் மட்டும் படிஞ்சு நிக்கறதாம், பயப்பட ஒண்ணுமில்லயாம். மூணாம் நாள் வாயச் சுத்தித் தோலு உரியுது, இவ கண்ணாடி முன்னால நின்னு பிச்சுட்டே இருக்கறா, கருந்தழும்பு விழுகும்டின்னு கையில ஒண்ணு போட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கான்னு போயி இப்ப முக்காவாசி அடங்கிருக்குது. பரு விட்டுட்டுப் போன குழி அப்படியேதான், இந்த மேலாப்ல பண்ற பீலு ஆழக் குழிக்கு ஆகாது. ராத்திரிக்கு அடாப்பலின்னு பருவுக்குப் பூசற மருந்து தனியா ஓடுது, பீலுக்குச் சில நாள் முன்ன மட்டும் அதை நிறுத்தச் சொல்லுவாங்க. பீல் ஒண்ணே போதும்னு ஆரு சொன்னாலும் நம்பாதே.

உன்ற சங்கதிக்கு வர்றேன். நம்ம மாநெறத் தோலுக்கு ஆசிட் வேகம் கூடுச்சுன்னா கருப்பு தட்டிரும், மாசக்கணக்குல போகாது. பார்லர்ல என்ன ஆசிட்டு, எத்தன சதவீதம்னு கேளு, சொல்லத் தெரியாட்டி எந்திரிச்சு வந்துரு. கல்யாணத்த ஒட்டி மொதல் பீல் வேண்டவே வேண்டாம், பண்றதா இருந்தா இப்பவே டாக்டர்கிட்டப் போ. ஆஸ்பிரின் ஒத்துக்காதுன்னா மொதல்லயே சொல்லிரோணும், சாலிசிலிக்கும் அந்த வகைதான். அப்பறம் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்குக் கொறையாம. பத்திரிகை வெக்கறேன்னு மத்தியான வெய்யில்ல அவளையும் ஸ்கூட்டில வெச்சுட்டுத் திரியாதே.

ஆமா, மாப்ளை ஊட்ல பருவைப் பத்தி ஆராவது வாயத் தொறந்தாங்களா? தொறந்திருந்தா ஆருன்னு மட்டும் எழுது, சீருக்கு வர்றப்ப நான் பாத்துக்கறேன்.

சுகந்தி