பாட்டி பாடிய பாட்டுக்கும் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைத்துறையைச் சாராமல் தாமாகப் பாடல் வெளியிட்டு முன்னுக்கு வரும் ராப் பாடகர்களைப் பற்றி அண்மைக் காலமாக நிறைய எழுதப்படுகிறது. கச்சேரி வித்வானின் பேரன் என்றாலோ, பின்னணிப் பாடகியின் மகன் என்றாலோ இசைக் குடும்பத்து வாரிசு என்று தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அரக்கோணத்து ராப் பாடகர் அறிவை அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அவரும் அப்படிப்பட்ட வாரிசுதான் என்பதை மலைத்தோட்டப் பகுதியில் வாழும் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும்.

2018 தொடக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் அறியப்பட்டு, 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தை வெளியிட்ட அறிவு, 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'யால் உலகம் முழுவதும் பெயர் பெற்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கைதான் அந்தப் பாட்டுக்கு வேர். பின்னர் வந்த தம் ஆல்பத்துக்கும் 'வள்ளியம்மா பேராண்டி' என்றே அவர் பெயரிட்டார்.

அந்த வேர் நீலகிரியிலும் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே இன்றைய டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்து லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துக்காட்டுப் பாட்டும் அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் பதிவில் ஏறிவிடக் கூடாதென்று, கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைப்பேசியை வாயருகே பிடித்து ராப் பாடும் பேரனை அதே வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். அவன் மூச்சு வாங்கும் இடமும் வரியை முறிக்கும் இடமும் பாட்டியின் ஒப்பாரியில் உள்ளவையே. கொள் என்னும் குழலும் தம்பட்டையும் வாசித்து, படுகர், தோடர் இல்லங்களின் சாவுச் சடங்குகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இசை வழங்கிய கோத்தர் பழங்குடியினரும் இந்த மலையின் இசைக் குடும்பங்களே.

என் கவலையெல்லாம், இந்தப் பிள்ளைகளுக்குப் பாட வருகிற அளவுக்கு உரிமை பற்றித் தெரியவில்லை என்பதுதான். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு மேடையில் இல்லாமலே 'எஞ்சாய் எஞ்சாமி' நிகழ்த்தப்பட்டது. அடுத்த சில நாட்களில், பாட்டை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவரும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் மாறுபட்டு விளக்க வேண்டிய நிலை வந்தது. கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டால் அறிவு, தீ, தாம் ஆகிய மூவருக்கும் ஒரு பைசாகூட வருவாய் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னார். புகழ்பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், பந்தலூரில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கதி என்ன?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தமக்குரிய சம பங்கை, வாரிசுகளுக்கோ ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது. ஆனால் எழுதியவர் யாரென்று பதிவே இல்லாத பாட்டுக்கு யார் போய்ப் பங்கு கேட்பது? பாட்டியின் நான்கு வரிகளை எடுத்தாளும் பேரன், இணையத்தில் வெளியிடுவதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அவை பாட்டியே கட்டிய வரிகள் என்றால், பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகப் படிவத்தில் எழுதியவர் பெயருக்கான இடத்தில் அவருடைய பெயரும் இடம்பெற வேண்டும். பேரன்தானே என்று பாட்டி சும்மா விட்டுவிடுவார். பேரன் விடக் கூடாது.

முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையம், கோத்தர், இருளர் பாடல்களைப் பாடியவர் பெயரோடும் ஊரோடும் தேதியோடும் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். லயன்களின் பாடல்களுக்கு அத்தகைய ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்து தர வேண்டும். ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் கோடை விழாவில் வெளியூர் மெல்லிசைக் குழுக்களுக்கு ஒதுக்கும் மாலைகளில் ஒன்றை இந்த மாவட்டத்து ராப் பாடகர்களுக்கும் அவர்களுடைய வீட்டுப் பாட்டிமாருக்கும் சேர்த்தே ஒதுக்கி, இருவருக்கும் தனித்தனியே சன்மானம் வழங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்