தேன்மொழிக்கு, ஏற்காட்டிலிருந்து அப்பா

கண்ணு தேன்மொழி,

நேற்று ராத்திரி போனில் நீ அழுதபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால்தான் விடிவதற்குள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உன் வார்டில் பிழைக்காமல் போன அந்தப் பையனுக்கு உன்னால் ஆனதையெல்லாம் செய்தாய் என்று உன் சீனியரே சொல்லியிருக்கிறார், சரி. ஆனால் அவன் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியாக ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன் என்றாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பெரியப்பா தலையில் இருக்கிற இரண்டு குழியும் உனக்கு நினைவிருக்கும், சின்ன வயசில் அவர் மடியில் ஏறி அதில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாய். 1976 மாசி மாதம், மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறியவர் வழுக்கி விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, மிச்சக் கொடியையும் பறித்து முடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். மூன்று வாரம் கழித்துத் தலைவலி, அப்புறம் இடது காலை இழுத்து நடந்தார், ஒருநாள் காலையில் என்னையே யார் என்று கேட்டார். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஜீப்பில் இறங்கினோம், சேலம் ஜங்ஷனில் ராத்திரி ரயில், விடிந்ததும் சென்ட்ரலுக்கு எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரி. எனக்கு 15 வயசு. கழுத்தில் ஊசி குத்தி மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மண்டையில் இரண்டு துளை போட்டதும் என்ஜின் ஆயில் மாதிரி கறுத்த ரத்தம் வந்ததாம். மறுநாள் சாயங்காலம் கண் விழித்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியாடா?" என்றார்.

அந்த வார்டு எப்படி வந்தது என்பதை நீ இந்த மூளை அறுவைப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். சீர்காழியில் 1922-ல் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, இங்கிலாந்தில் நியூகாசிலுக்குப் போய் ரோபோதம் என்பவரிடம் மூளை அறுவை பழகித் திரும்பி, 1950 அக்டோபரில் அந்த ஜெனரல் ஆஸ்பத்திரியில் இந்தப் பிரிவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 28 வயசு, இப்போது உனக்கு ஆகிற வயசு. அதற்கு முந்தின வருஷம்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இதே மாதிரி ஒரு பிரிவை ஆரம்பித்திருந்தார். 1951-ல் நரம்பியலுக்கென்று இந்தியாவில் ஒரு சங்கம் தொடங்க முன்வந்தது இவர்களோடு நரசிம்மன், பல்தேவ் சிங் என்று நாலே பேர். ஸ்கேன் கிடையாது கண்ணு, லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்ததே 1971-ல்தான். மூளை அறைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்துக் கட்டி இருக்கும் இடத்தை ஊகிப்பார்களாம். எத்தனை பேர் மேசையிலேயே போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது. அப்படியும் அந்த மனுஷன் வருஷக்கணக்காக அதே வார்டுக்குப் போயிருக்கிறார், அரசு வேலை முடிந்த பிறகு அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் தொடர்ந்திருக்கிறார், 2003-ல்தான் காலமானார். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் அன்றைக்கு யாரென்று தெரிந்திருக்காது.

நான் பார்த்தது வேறு ஒருவரை. பெரியப்பாவுக்கு அடுத்த கட்டில் பையன் பிழைக்கவில்லை. அவன் அம்மா வராந்தாவில் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து உன்னைப் போல ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தார், பெயர் தெரியாது, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, அவள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வலிச்சுதா சாமி அவனுக்கு?" என்று அவள் நாலைந்து தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும், முதல் தடவை கேட்டது போலவே, "இல்லம்மா, தூக்கத்துலதான் இருந்தான்" என்றார்.

உன் வார்டில் இருந்த அந்தப் பையன் வீட்டார் நாளைக் காலையில்தான் சண்டிகரிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்றாய். ரவுண்ட்ஸுக்கு முன்னால் போய் அந்த அம்மா பக்கத்தில் உட்கார். இந்தி தடுமாறினால் தடுமாறட்டும், அவள் கேட்கிறதையெல்லாம் கேட்கட்டும். பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு, நான் களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருப்பேன், போன் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அப்பா