தம்பலகாமத்தில் கடை போடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஹார்ட்வெயார் கடைக்கு இடம் பார்த்து, வீதியால் எத்தனை வாகனம் போகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்களாம். அதை விடுங்கள். இந்த வயல்களுக்குத் தண்ணீர் விடும் கந்தளாய்க் குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை அந்தத் தண்ணீரை வைத்துத்தான் போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். வயல் பாதியானால் மெசின் ஓட்டமும் பாதி, சாக்கு வியாபாரமும் பாதி, சந்தித் தேத்தண்ணிக் கடைக்குக்கூட அடிதான்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தும், அந்தப் பெரும்போக விளைச்சல் நாடு முழுக்க விழுந்தது. உரக்கடைக்காரர் தலையோடு போகும் விசயமல்ல அது.

கடன் கொடுக்காமல் இங்கே கடை நடத்த ஏலாது. ஆனால் மாதத் தவணை பேசாதீர்கள். ஐப்பசியில் விதைத்தவர் கையில் மாசி, பங்குனியில்தான் காசு புழங்கும். இடையில் யூரியாவுக்கும் களைநாசினிக்கும் கைக்காசு கரைந்துவிடும். அறுவடைக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சாமான் விசயம். நெல் வெட்டு மெசின் பெல்ட் அறுவது வயலுக்குள் நிற்கும்போதுதான். வைக்கோல் சுற்றும், சேறு ஏறும், தளர்ந்த பெல்ட் வழுக்கிச் சூடாகிப் பிய்ந்துபோகும். கதிர் முற்றி நிற்க, மழையும் இருட்டிக்கொண்டு வர, திருமலைக்கு ஓடி வாங்கி வரும்வரை மெசின் சும்மா நிற்கும். பெல்ட்டின் முதுகில் 'பி 65' என்பது போல இருக்கும்: எழுத்து அகலம், எண் அங்குலத்தில் நீளம். ஊரில் ஓடுகிற மெசின்களைப் பார்த்து ஒவ்வொரு அளவிலும் இரண்டு வையுங்கள். வெயிலும் டீசலும் படக்கூடாது. டிராக்டரில் பூட்டி உழுகிற ரொட்டவேற்றரின் கத்தியை இடம், வலம் பிரித்து, போல்ட்டோடு சேர்த்து விற்கவேண்டும். பழைய போல்ட்டில் புதுக் கத்தி நிற்காது.

முக்கியமாக, நெல் காயப்போடுகிற படங்கு. ஊருக்குள் வரவேண்டிய காசு ஈர நெல்லிலேதான் ஒழுகுகிறது. அரசாங்கத்துக்கு நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீத ஈரம். மெசினில் வெட்டிய நெல்லில் 20 வீதம் இருந்தால், 1000 கிலோ காய்ந்தபின் 930 கிலோ நிற்கும் (1000ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் பிரியுங்கள்). ஆக ஈரத்துக்கென்று நிறையில் கழிப்பதில் நியாயமானது நூறு கிலோவுக்கு ஏழு. வயல் வரம்பில் பத்து, பன்னிரண்டு கழிக்கிற வியாபாரிக்குக் காயப்போட வசதியில்லாதவர் தலையாட்டத்தான் வேண்டும்.

படங்கில் ஒன்றரை அங்குலத் தடிப்பில் பரப்பி, அரை மணிக்கொருதரம் புரட்டி, பின்னேரம் பனி விழமுன் மூடினால் இரண்டு மூன்று வெயிலில் சரிவரும். மெல்லிசாகப் பரப்பிச் சீமெந்து நிலத்தில் சுடவிட்டால் மணி வெடிக்கும்; மில்லில் குறுணல் கூடும்.

தை பிறக்கமுன் படங்கை இறக்கிவிடுங்கள். வாடகைக்கும் விடலாம். ஈரம் பார்க்கிற மீற்றர் ஒன்றையும் மேசையில் வையுங்கள், அதற்குக் காசு வாங்காமல்.

அன்புடன்,
அண்ணன்